இறந்த கால்நடைகளின் எண்ணிக்கை

மாங்கோட்டிலிருந்து மினி லாரியில்
ஐம்பத்திரண்டு பெட்டி ஏற்றி
குற்றியாற்று ரப்பருக்குள் இறக்கினோம்,
மாசி பிறந்து ஆறாம் நாள்.
தளிர் செம்பு நிறத்தில் இருந்தது.
காம்பில் தேன் ஊற இன்னும் எட்டு நாள் என்றான்
பால்வெட்டுகிற ரசலையன்.
ஒன்பதாம் நாள் வந்தது தேன்.
பதினொன்றாம் நாள் கரடி.

முதலில் பார்த்ததும் அவன்தான்.
விடிகாலை மூன்று மணி, நெற்றியில் விளக்கு.
"யாரோ இருந்து படிக்கான்னு நெனச்சேன் அக்கா.
ரெண்டு கையிலயும் சட்டத்தப் பிடிச்சு
மடியில வச்சு
ஸ்லேட்ட நக்கி அழிக்க பிள்ளைய மாதிரி."
வெளிச்சம் பட்டும் அது எழும்பவில்லையாம்.
இவன்தான் ஓடியிருக்கிறான்.
ஓட்டத்தில் கவிழ்ந்த சிரட்டை பன்னிரண்டு,
அந்தப் பாலுக்கும் என்னிடமே கணக்குச் சொன்னான்.

ஏழு பெட்டி.
மேல்மூடி ஓரிடம், தேனறை ஓரிடம்.
நான் தேனை மட்டும் எடுப்பேன்.
அது புழு அறையையும் வழித்திருந்தது.
எறும்பு ஏறாதிருக்கத் தாங்குகாலில் வைத்த
தண்ணீர்க் கிண்ணம் மட்டும்
சிந்தாமல் நின்றது ஒவ்வொன்றிலும்.
எறும்புக்கு எல்லாம் செய்துதான் வைத்திருந்தேன்.

வெயில் ஏற ஏற
மீதி நாற்பத்தைந்திலிருந்தும் கிளம்பி வந்து
உடைந்த அடையை உறிஞ்சின
என் தேனீக்கள்.
அடிபிடி. வாசலெங்கும் பிணம்.
கரடி ராத்திரியே போய்விட்டது,
கொள்ளை மத்தியானம்வரை நடந்தது.

வாட்சர் சுனில்ராஜ் வந்து
மண்ணில் பதிந்த தடத்தைச் சாண் வைத்து அளந்தார்.
நகத்தை விட்டால் மனுசக் கால்.
ஒரு படிவம் தந்தார்.
இறந்த கால்நடை: மாடு, ஆடு, பிற.
எண்ணிக்கை.
'பிற'வில் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.
பெட்டிக்குப் பதினைந்தாயிரம் என்றால், ஏழுக்கு?
"ஒரு லெச்சத்து அஞ்சாயிரமா!
மேல ஆபீசுல சிரிப்பாவ."
"சிரிக்கட்டு. செத்தது செத்ததுதானே."
எழுதினேன்.
ராணி ஏழு என்று தனி வரியிலும் எழுதினேன்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.
தகரம் தட்டு. மிளகாய் புகை.
ரேடியோ வை, மனுசக் குரல் கேட்டால் வராது.
மூன்று ராத்திரி வரவில்லை.
நாலாம் ராத்திரி
ரேடியோவுக்கு அடுத்த பெட்டியைத் திறந்து தின்றது.
நான் போனபோது அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது,
தென்னைக்குப் பொட்டாஷ் எவ்வளவு என்று.

ரசலையனின் மச்சான் பைய வந்து
பன்னிவெடி ஒன்று இருக்கு என்றான்.
வேண்டாம் என்றேன்.
இரக்கம் என்று சொன்னால் பொய்.
இருட்டில் அந்தத் தடத்தில்
பால்வெட்டப் போகிறவர்கள் பதினெட்டுப் பேர்.

குழுவில் முப்பதாயிரம் எடுத்து
சோலார் கம்பி இழுத்தேன்.
சும்மா இழுத்தால் போதாது, ரோமம் அடர்த்தி,
மூக்கில் படணும் என்றார் கடைக்காரர்.
தகரத் துண்டில் தேன் தடவிக்
கம்பியில் தொங்கவிடணும்.
தேனைக் காக்கத் தேன்.
தடவி முடித்ததும்
கட்டினவள் ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்
என்று தோன்றியது.
தொட்டேன்.
ஒரு பெட்டி முழுக்க ஒரே நேரத்தில்
முழங்கைவரை கொட்டியது.

அன்றைக்கே வந்தது.
அலறும் என்று சொல்லியிருந்தார்கள்.
எனக்கு இருமல் போலத்தான் கேட்டது,
பிறகு சருகு, சருகு, சருகு,
ஆற்றுப் பக்கமாய்.
ஷெட்டில் படுத்திருந்தேன்.
முழங்கை விறுவிறுத்தது.

காலையில்
வேலிக்கு வெளியே புதருக்குள்
ஒரு மேல்மூடி கிடந்ததைத் தூக்கினேன்.
அடியில் உள்ளங்கையளவு புது அடை,
ஒரு பிடித் தேனீ,
நடுவில் அவள்.
இத்தனை ராத்திரியும் அங்கே.

படிவம் மேலே போயாச்சு.
ராணி ஏழு.
சுனில்ராஜுக்குப் போன் அடித்தேன்,
எடுக்கவில்லை.
பிறகு நான் அடிக்கவுமில்லை.